பதிவேட்டில் ஒரு பெயர்

மானிடவியல், சமூகவியல், குற்றவியல் நீதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிப்பது குறித்து



தம் ஆயுட்காலச் சேமிப்பிலிருந்து இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று அறிந்தேன். ஆண்டுக்கொரு நாள் மாணவர்கள் உட்கார்ந்து ஒரு பொருளைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாம். 

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எங்களுக்குக் களப்பணி. கையில் அச்சடித்த வினாத்தாள். ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று நான் கேட்கக் கேட்கப் பொறுமையாகச் சொன்னார். கடைசி வினா முடிந்ததும் முறத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: “எய்யா, எல்லாம் எழுதிக்கிட்ட. எழுதி எந்தக் கச்சேரியில குடுப்ப?”

கச்சேரி என்று அவர் சொன்னது காவல் நிலையத்தை. “கச்சேரியில எல்லாம் இல்ல அப்பத்தா, காலேஜுல குடுப்பேன்” என்றேன்.

“அப்பவும் இப்படித்தான் படிச்சவுக வந்து எழுதுனாக. எங்கய்யா பெருவெரல்ல மைய அப்பி உருட்டி எடுத்துட்டுப் போனாக. அவரு செத்த பெறகுதான் அந்தப் பேர அடிச்சாக.”

இவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் மொச்சை உரிக்கத் தொடங்கிவிட்டார். நான் படித்த மூன்று பாடங்களுக்கும் நடுவே என்ன உறவு என்பதை எந்தப் பாடநூலும் அவரைப்போல எனக்குச் சொன்னதில்லை. மனிதரைப் பற்றி எழுதுவது மானிடவியல். அவர்களைக் கூட்டமாகப் பார்த்து எழுதுவது சமூகவியல். அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரைப் பிடிப்பதா விடுவதா என்று முடிவு செய்வது குற்றவியல் நீதி. முதல் இரண்டு துறைகளில் எழுதப்படும் வரி என்றாவது ஒருநாள் மூன்றாவது துறையின் வழக்குக் கட்டுக்குள் போய்ச் சேரக்கூடும். இதை உணர்ந்து எழுதுவதற்காகவே மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

1. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு சட்டங்கள்

1871-இல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1872-இல் இந்தியச் சாட்சியச் சட்டம் வந்தது. இரண்டும் நிறைவேறியபோது வைஸ்ராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். சாட்சியச் சட்டம் அவரே வடித்தது. 2024 ஜூலை 1-இல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வரும்வரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நம் நீதிமன்றங்கள் அதைக் கொண்டே இயங்கின.

அந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். குற்ற வழக்கில் ஒருவரின் பழைய கெட்ட பெயரைச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். குற்றம் சாட்டப்பட்டவரே தன் நல்ல பெயரை எடுத்துச் சொன்னால் மட்டும், அதை மறுக்க அரசுத் தரப்பு கெட்ட பெயரைப் பேசலாம். மற்றபடி, ஆள் எப்படிப்பட்டவன் என்று பேசாதே, அன்றைக்கு என்ன செய்தான் என்பதை மெய்ப்பி என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மிக உயர்ந்த கோட்பாடு அது.

அதற்கு முந்தைய ஆண்டில் வந்த சட்டமோ, ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும் என்றது. அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதில் பிறந்தவர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் ஆஜராக வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் அதுவே குற்றம்.

ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரு பகுதி மக்களுக்கு மெய்ப்பிப்பும் இன்னொரு பகுதி மக்களுக்குப் பிறப்பும் அளவுகோலாக இருந்தன. இது எப்படி முடிந்தது என்று மாணவர்கள் கேட்க வேண்டும். சட்டத்தை மட்டும் படித்தால் விடை கிடைக்காது. சாதி என்பது தொழில், தொழில் தந்தைவழி வருவது, தச்சர் மகன் தச்சர் ஆவதுபோலத் திருடர் மகன் திருடர் ஆவான் என்ற ஒரு சமூகக் கோட்பாடு அந்தச் சட்டத்துக்கு அடியில் இருந்தது. அது தவறான மானிடவியல். தவறான மானிடவியல் சட்டமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

2. அளவெடுத்த காலம்

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இந்தச் சிந்தனை பரவிவந்தது. 1876-இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ குற்றவாளி மனிதனைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். கலாப்ரியப் பகுதியைச் சேர்ந்த வில்லெல்லா என்ற கைதியின் மண்டையோட்டில் கண்ட ஒரு குழியிலிருந்து, பிறவிக் குற்றவாளி என்றொரு மனித வகையே உண்டு என்று அவர் முடிவுகட்டினார். தாடை, காது, நெற்றி என்று அளந்து பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்றார்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். மூக்கின் நீள அகலம், தலையின் சுற்றளவு, உயரம் எல்லாவற்றையும் குறித்தார். 1909-இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் இன்றும் நம் நூலக அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் மணமுறை, தெய்வம், சடங்கு, பழமொழி என்று கிடைத்தற்கரிய செய்திகள் உண்டு. நானே பலமுறை அவற்றைத் தேடிப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு கூட்டத்தாரின் தாலி எப்படி இருக்கும் என்று எழுதிய அதே பக்கத்தில், அவர்கள் எப்படிக் கன்னம் வைப்பார்கள் என்றும் எழுதியிருக்கும். காவல் துறையினருக்கு உடலளவு எடுக்கவும் அவர் கற்றுக்கொடுத்தார். அருங்காட்சியகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் அன்று சுவர் இல்லை.

கைரேகையின் கதையும் இங்குதான் வருகிறது. 1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைபிரித்து அடுக்கித் தேடி எடுக்கும் முறையை எட்வர்ட் ஹென்றியின் கீழ் பணியாற்றிய அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இருவரும் வகுத்தார்கள். ரேகை ஆளை அடையாளம் காட்டும், குணத்தைக் காட்டாது. அந்த அளவில் அது நல்ல அறிவியல். ஆனால் குற்றம் செய்தவர் விட்டுச்சென்ற ரேகையைத் தேடுவதும், குற்றமே செய்யாத ஊராரிடமெல்லாம் ரேகை வாங்கி வைப்பதும் வேறு வேறு செயல்கள். கருவி ஒன்றுதான். அதை யாரிடம், எந்தக் கருத்தோடு கொண்டுபோகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லொம்ப்ரோசோவின் கொள்கை நிலைக்கவில்லை. இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து மற்றவர்களோடு ஒப்பிட்டார். பிறவிக் குற்றவாளி என்றொரு உடல்வகையே இல்லை என்று 1913-இல் எழுதினார். ஆனால் அதற்கு இரண்டாண்டு முன்பே, 1911-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. கொள்கை செத்த பிறகும் சட்டம் உயிரோடு இருந்தது. இதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஆய்வேட்டில் ஒரு தவறைத் திருத்த ஒரு மறுப்புரை போதும். சட்டமான தவறைத் திருத்தத் தலைமுறைகள் ஆகும்.

3. காவலும் துப்புக்கூலியும்

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் வாழும் பகுதியில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் இட்ட பெயர் ரேகைச் சட்டம். பதிவு பெற்ற ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணமான அன்றைக்கே மாப்பிள்ளை சாவடிக்குப் போன கதைகளை அந்தப் பக்கத்தில் இன்றும் கேட்கலாம்.

1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து ஊர் திரண்டு நின்றது. காவல் படை சுட்டது. பதினாறு பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று ஊர் இன்றும் சொல்லும் மாயக்காள் அவர்களில் ஒருவர்.

இந்த மக்களைத் திருடர் என்று பதிவேடு சொன்னது. களத்தில் இறங்கிப் பார்த்தால் காவல் என்றொரு பழைய ஏற்பாடு தென்படுகிறது. ஊரின் களத்தையும் மாட்டையும் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அறுவடையில் ஒரு பங்கு உண்டு. களவு போனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையேல் ஈடு கட்ட வேண்டும். களவு போன மாட்டுக்குத் துப்புச் சொல்லி மீட்டுத் தர வாங்கும் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். இதில் நியாயமும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. காவலுக்குக் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போனதும் உண்டு. 1890-களில் குடியானவர்கள் திரண்டு கள்ளர் காவலை எதிர்த்ததும் உண்மை. இவற்றை மறைத்து எழுதினால் அதுவும் நேர்மையான ஆய்வாகாது.

ஆனால் அடியில் நடந்தது வேறு. அரசு தானே காவல் துறையை அமைத்தபோது, பழைய காவல்காரரின் உரிமைப் பங்கு ஒரே நாளில் கப்பமாகவும் மிரட்டிப் பறித்த பணமாகவும் பெயர் மாறியது. மழையை நம்ப முடியாத மண்ணில் வருமானம் போனது. ஓர் அதிகாரம் இன்னோர் அதிகாரத்தின் இடத்தைப் பிடித்த கதை, பதிவேட்டில் ஒரு சாதியின் பிறவிக் குணமாக எழுதப்பட்டது. 1978-இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தம் ஆய்வுக் கட்டுரையில் இந்தக் குற்றப் பரம்பரைக் கதையை மீண்டும் அலசி எழுதினார். ஆவணத்தில் எழுதியதை அப்படியே ஏற்காமல், அதை யார், எப்போது, ஏன் எழுதினார்கள் என்று கேட்பதே சமூக அறிவியலின் முதல் வேலை.

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1949-இல், பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் அதே மக்களிடம் வந்தார். தமிழ் கற்றுக்கொண்டு, அவர்களோடு தங்கி, மாமன் மகள் முறை என்ன, சீர்வரிசை யார் யாருக்குப் போகிறது, கோயில் வழிபாட்டில் எந்த வகையறாவுக்கு என்ன உரிமை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1957-இல் அது பெரிய நூலாக வந்தது. அவர் கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. சாதி பற்றிப் பின்னால் அவர் கட்டிய கோட்பாட்டோடு எனக்குக் கடும் வேறுபாடு உண்டு. ஆனால் மூக்கை அளந்த இடத்தில் முறைப்பெயர்களைக் கேட்க உட்கார்ந்ததே பெரிய மாற்றம். ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் செய்து 2009-இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்தது அந்த மக்களின் மனத்தில் என்ன தடம் விட்டிருக்கிறது என்பதைப் பேசியது. ஒரே மக்கள், நூறு ஆண்டுகளில் மூன்று விதமான எழுத்து. மூன்றையும் அருகருகே வைத்துப் படியுங்கள். மானிடவியல் தன்னைத்தானே எப்படித் திருத்திக்கொண்டது என்பது விளங்கும்.

4. ஆளா, இடமா, பெயரா

சமூகவியல் இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. சிகாகோ நகரில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இருவர் பல பத்தாண்டுகளின் சிறார் நீதிமன்ற வழக்குகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். ஆலைகளை ஒட்டிய, வாடகை மலிந்த சில பகுதிகளில் எண்ணிக்கை எப்போதும் கூடுதல். அந்தப் பகுதிகளில் குடியிருந்தவர்களோ மாறிக்கொண்டே இருந்தார்கள். முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர். பிறகு போலந்துக்காரர், இத்தாலியர். அடுத்து கறுப்பின மக்கள். ஆட்கள் மாறியும் எண்ணிக்கை மாறவில்லை. அங்கிருந்து வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்த கூட்டத்தாரின் பிள்ளைகளிடம் குற்றமும் குறைந்தது. அப்படியானால் காரணம் இரத்தத்தில் இருக்க முடியாது. 1942-இல் வந்த அவர்கள் நூல் இதை எண்களால் நிறுவியது. தர்ஸ்டனின் இடுக்கிக்கு நான் அறிந்த சிறந்த பதில் அந்த வரைபடங்கள்தான்.

எட்வின் சதர்லாண்ட் இன்னொரு கதவைத் திறந்தார். குற்றம் என்றாலே ஏழையின் வீட்டுக்குப் போய்த் தேடுகிறோமே, உயர்ந்த கட்டடங்களில் நடப்பது என்ன என்று 1939-இல் கேட்டார். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்கள் மீது நீதிமன்றங்களும் ஆணையங்களும் அளித்த தீர்ப்புகளைத் தொகுத்தார். மொத்தம் 980, நிறுவனம் ஒன்றுக்குச் சராசரி 14. 1949-இல் நூல் வந்தபோது வழக்குக்கு அஞ்சி நிறுவனங்களின் பெயர்களைப் பதிப்பகம் நீக்கியது. முழு வடிவம் 1983-இல்தான் வெளிவந்தது. ஒருவர் பெயரை எளிதில் எழுதிவிடுகிறோம். இன்னொருவர் பெயரை எழுத 34 ஆண்டுகள் ஆகின்றன. பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது என்பது குற்றத்தை மட்டும் பொறுத்ததில்லை.

1963-இல் ஹவர்ட் பெக்கர் எழுதியது உங்களுக்குப் பாடமாகவே இருக்கும். ஒருவருக்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், பிறகு அந்தப் பெயரே அவரை நடத்திச் செல்லும் என்றார். நமக்கு இதற்குச் சான்று வெளியே தேட வேண்டாம். கேடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளைக் குறித்துவைத்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் அவை. பதிவேட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து நம் பேச்சு மொழியிலேயே குடியேறிவிட்டது. ஒரு பையனை வேலைக்கு எடுக்க யோசிப்பவர் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டால் அதற்கு மேல் யோசிக்க மாட்டார்.

நாடு முழுவதும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31-இல் நீங்கியது. ஆனால் வழக்கமான குற்றவாளிகளுக்கென்று மாநிலங்களில் தனிச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் அது 1948-லேயே வந்துவிட்டது. கூட்டத்தைப் பதிந்த இடத்தில் தனி ஆளைப் பதிந்தார்கள். ஆனால் பதிவானவர்கள் பெரும்பாலும் அதே தெருக்களைச் சேர்ந்தவர்கள். முன்பு குற்றப் பரம்பரை என்று அறிவிக்கப்பட்டிருந்த 68 சமூகத்தார் இன்று தமிழ்நாட்டில் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களைப் பழங்குடி என்று எழுதுவதா சமூகம் என்று எழுதுவதா என்பதே 1979 முதல் வழக்காகவும் போராட்டமாகவும் நீண்டது. ஒரு காலத்தில் தாத்தாவைக் கட்டிப்போட்ட பெயரைப் பேரன் தன் படிப்புரிமைக்காகச் சான்றிதழில் தேடுகிறான். பெயர் ஒன்றுதான், இப்போது அதைக் கேட்பவன் அவனே. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவரே நல்ல சமூகவியலாளர்.

5. வாச்சாத்தி சொன்ன பாடம்

பழைய கதையாயிற்றே என்று நினைத்துவிட வேண்டாம். 1992 ஜூன் 20-இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்ற மலையடிவார ஊருக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தார்கள். பழங்குடி மக்கள் வாழும் ஊர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊரையே கடத்தல்காரர் ஊர் என்று எழுதி, நடந்ததை முதலில் மறுத்தார்கள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கடத்தல்காரர் ஊர் என்று எழுதிவிட்டால் அந்த ஊரின் பெண்கள் சொல்வதை யார் கேட்பார்கள்?

கேட்டவர்கள் இருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குப் போனார்கள். தேசியத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் விசாரித்து அறிக்கை தந்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது.

முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் தாங்கள் சொன்னதை மாற்றாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியில், அவர்கள் வரிசையில், சிதைக்காமல் எழுதிக்கொண்டவர்கள் இருந்ததால் அந்தச் சொல் நீதிமன்றத்தில் நின்றது. களப்பணி என்று நாம் சொல்வதும் இதுதான். பதினெட்டுப் பேர் வாயால் சொன்னதைப் பதினெட்டு ஆவணமாக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கையை உருவாக்குவது பல்கலைக்கழகத்தின் வேலை.

6. படித்தவர் எங்கே போவார்

பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது இதுதான். இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? உண்டு. அதைவிட, இந்தப் படிப்பு படித்தவர்கள் இல்லாததால் நின்றுபோன வேலைகள் நிறைய உண்டு.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் தண்டனை பெறாமலே உள்ளே இருந்தார்கள். பிணை கிடைத்தும் பிணைதாரர் கிடைக்காமல் இருப்பவர்கள் உண்டு. வீட்டுக்குத் தகவல் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அவர் ஊர் எது, குடும்பம் எங்கே, யார் பொறுப்பேற்பார்கள் என்று தேடிப்போய்க் கண்டறிய ஆள் வேண்டும். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1990-இல் தொடங்கிய பிரயாஸ் திட்டம் சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. அந்த நிறுவனம் குற்றவியலைச் சமூகப் பணியோடு சேர்த்தே கற்பித்தது. 1959-இல் சாகர் பல்கலைக்கழகம் தொடங்கி, பின்னாளில் நம் சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியலுக்குத் தனித் துறையே அமைத்தன. பேராசிரியர் சொக்கலிங்கம் போன்றோர் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்க்கும் ஆய்வை இங்கே வளர்த்தார்கள்.

நன்னடத்தை அலுவலர் பணியைச் சிறியது என்று எண்ணாதீர்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் அந்த அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும். அந்தப் பையன் எந்தச் சூழலில் வளர்ந்தான், வீட்டில் யார் இருக்கிறார்கள், வேலை ஏதும் தெரியுமா என்று அவர் எழுதும் இரண்டு பக்கம், ஒரு வாழ்க்கை சிறைக்குள் போவதா வெளியே நிற்பதா என்று தீர்மானிக்கக்கூடும். அதை எழுதுகிறவருக்கு ஷாவும் மெக்கேயும் தெரிந்திருக்க வேண்டும்.

மரண தண்டனை வழக்குகளில் இது இன்னும் கூர்மையாகிறது. 2016-இல் டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வுக்காக, மரண தண்டனை பெற்ற 373 கைதிகளிடமும் குடும்பத்தாரிடமும் பேசினார்கள். அந்தக் கைதிகளில் 74 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 2022-இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனையைத் தீர்மானிக்கும் முன் குற்றவாளியின் குழந்தைப் பருவம், குடும்பம், கல்வி, மனநிலை ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளை வரவழைக்க வேண்டும் என்றது. ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் ஊருக்குப் போய், தாயிடமும் ஆசிரியரிடமும் கேட்டுத் தொகுப்பது மானிடவியலாளர் நூறு ஆண்டுகளாகச் செய்யும் வேலை. அது இன்று ஓர் உயிரின் விலையோடு நீதிமன்றத்தில் நிற்கிறது.

2024 அக்டோபர் 3-இல் வந்த சுகன்யா சாந்தா வழக்குத் தீர்ப்பை ஒவ்வொரு மாணவரும் முழுமையாகப் படியுங்கள். சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதையும் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளியாக நடத்தும் விதிகளையும் அது நீக்கியது. சிறைப் பதிவேடுகளில் சாதி என்று இருக்கும் கட்டத்தையே அழிக்கச் சொன்னது. வரலாறும் மானிடவியலும் சமூகவியலும் அந்தத் தீர்ப்பின் பக்கங்களில் சட்டத்தோடு கைகோத்து நடக்கின்றன. 

7. மாணவர்களுக்கு

மூன்று வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஒரு மாதம் போய் உட்காருங்கள். காவலில் வைக்கக் கொண்டுவரும் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, அவரிடம் என்ன கேட்கப்படுகிறது என்று குறியுங்கள். முதல் தகவல் அறிக்கையின் மொழியைப் படித்துப் பழகுங்கள்.

இரண்டாவது, எண்ணைக் கண்டு மயங்காதீர்கள், அஞ்சவும் வேண்டாம். ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் நடந்த குற்றங்களின் கணக்கு அன்று. பதிவான வழக்குகளின் கணக்கு. பெண்கள் துணிந்து புகார் கொடுக்கத் தொடங்கிய மாவட்டத்தில் எண் ஏறும். புகாரே வாங்காத நிலையத்தில் எண் இறங்கும். ஏறிய எண் நல்ல செய்தியாகவும் இறங்கிய எண் கெட்ட செய்தியாகவும் இருக்கலாம்.

மூன்றாவதை என் தவறிலிருந்து சொல்கிறேன். நான் இளம் விரிவுரையாளராக இருந்தபோது ஒரு மலைக் கிராமம் பற்றி ஓர் அரசு அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். வருமானம் பற்றிய பகுதியில், சில குடும்பங்கள் பஞ்ச காலத்தில் சாராயம் காய்ச்சிப் பிழைத்தன என்று ஊர்ப் பெயரோடு எழுதினேன். அவர்கள் என்னை நம்பிச் சொன்னது அது. வறுமையைக் காட்டவே எழுதினேன். ஓராண்டு கழித்து ஒரு கூட்டத்தில் காவல் அதிகாரி ஒருவர் அந்த ஊரைச் சாராய ஊர் என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, ஆய்வறிக்கையிலேயே இருக்கிறதே என்றார். பஞ்ச காலம் என்ற சொல் போய்விட்டது. சில குடும்பங்கள் என்ற சொல் போய்விட்டது. ஊர்ப் பெயர் மட்டும் நின்றது. அந்த அப்பத்தாவின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகக் கேட்டது. நான் எழுதியதைக் கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நானேதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவர்கள் எதிரில் உட்கார்ந்து, எழுதியதை அவர்கள் தமிழில் படித்துக் காட்டுவேன். படிக்க வாய் கூசும் வரியை அடித்துவிடுவேன். இது வேணாம்யா என்று அவர்கள் சொன்னதை எடுத்துவிடுவேன். இப்படிச் சொல்லு என்று அவர்கள் திருத்தியதைத் திருத்திக்கொள்வேன். அந்தத் திருத்தங்களால் என் ஆய்வு மெலியவில்லை. எனக்குப் புரியாமல் இருந்த பலவும் அப்போதுதான் விளங்கின.

உங்கள் முதல் களப்பணிக்குப் போகும்போது கையில் குறிப்பேடும் பேனாவும் இருக்கும். திண்ணையில் இருப்பவர் உங்களையும் கேட்பார், எழுதி எங்கே கொடுப்பாய் என்று. கேட்காவிட்டாலும் மனத்தில் நினைப்பார். எழுத உட்காரும் முன்பே அதற்கு உங்களிடம் உண்மையான ஒரு விடை இருக்கட்டும்.